நடுராத்திரியில் நாய்க்கோ பூனைக்கோ ஆபத்தா? பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் என்ன செய்யலாம்: முழு விவரம்

ராத்திரி 11 மணி. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் அடங்கிவிட்டது. சாயங்காலம் வரை ஓடி விளையாடிய நாய் திடீரென்று வாந்தி எடுக்கிறது, நிற்க முடியாமல் சரிகிறது. மனிதருக்கு என்றால் 108 இருக்கிறது. ஆனால் அந்த ஆம்புலன்ஸ் மனிதர்களுக்கு மட்டும்தான். நாய்க்கு யாரைக் கூப்பிடுவது?

சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் இருப்பவருக்கு சென்னை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதனால் இங்கே உயிரைக் காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்தான்: எது அவசரம் என்று உடனே புரிந்துகொள்வது, கிளம்பும் முன் போன் பண்ணுவது, வழியில் தப்பு செய்யாமல் இருப்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலை வரை காத்திருக்கலாமா?

கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

• மூச்சு விடத் திணறுவது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் இதே கணக்குதான்.
• அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தப்போக்கு.
• 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு.
• வயிறு உப்பிக்கொண்டு, வாந்தி வராமல் வெறுமனே குமட்டுவது. பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டால் இப்படி ஆகும்.
• ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் இருப்பது. மலச்சிக்கல் என்று நினைத்து பலர் விட்டுவிடுகிறார்கள். ஓரிரு நாளில் உயிரே போகலாம்.
• தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும். இது பார்வோவாக இருக்கலாம்.
• வண்டி மோதியது, பாம்பு கடித்தது, விஷம் தின்றது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் அவசரம்தான்.

சந்தேகமாக இருந்தால் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் உடனே கிளம்புங்க. (சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு. அப்போது கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம்.)

யாரைக் கூப்பிடுவது?

1. பக்கத்து கால்நடை மருத்துவர்: அரசு கால்நடை மருந்தகங்கள் அடிப்படையில் பகல் நேரத்தில் இயங்குபவை. ராத்திரி கதவு பூட்டியிருக்கும். ஆனாலும் முதல் போன் உங்கள் பகுதி மருத்துவருக்குத்தான். வர முடியாவிட்டாலும், இப்போதே கிளம்பணுமா, வழியில் என்ன செய்யணும் என்று அவரால் சொல்ல முடியும்.

2. 1962: இது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான கட்டணமில்லா எண். ஆடு, மாடு வளர்ப்பவர்களை மனதில் வைத்து வந்த திட்டம். மத்திய அரசின் கணக்குப்படி சுமார் 1 லட்சம் கால்நடைகளுக்கு ஒரு வண்டி. அதனால் வாசலுக்கு உடனே வண்டி வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கேளுங்க, ஆனால் அடுத்த வழியையும் கையோடு பாருங்க. இன்னொரு விஷயம்: ஆந்திராவிலும் இதே 1962தான். எல்லையோரத்தில் இருப்பதால், பேச ஆரம்பிக்கும்போதே "தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம்" என்று சொல்லிவிடுங்க.

3. சென்னை வேப்பேரி: சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அறுவை சிகிச்சை, ஸ்கேன், அவசர சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் உண்டு. திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போக வேண்டும்.

4. திருப்பதி: பலருக்குத் தோன்றாத வழி இது. பொதட்டூர்பேட்டையில் இருந்து நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி, சென்னையைவிடக் கிட்ட. அங்கே 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. உடம்பு சரியில்லாத உயிருக்கு மாநில எல்லை ஒரு தடை இல்லை.

எங்கே போவதாக இருந்தாலும் கிளம்பும் முன் போன் பண்ணி, "இப்போ டாக்டர் இருக்காரா, இந்தப் பிரச்சினையைப் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்க. 2 மணி நேரம் பயணம் செய்து பூட்டிய கேட்டின் முன் நிற்பதுதான் இருப்பதிலேயே பெரிய இழப்பு.

போனில் என்ன சொல்லணும்?

நாயா பூனையா, வயது, தோராயமான எடை, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இப்போது மூச்சும் நினைவும் எப்படி இருக்கு. இவ்வளவு போதும். வலிப்பு, தள்ளாட்டம், மூச்சுத் திணறல் மாதிரியானவற்றை 30 வினாடி வீடியோ எடுத்து வையுங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அந்த அறிகுறி நின்றிருக்கலாம். வீடியோ டாக்டருக்கு உதவும்.

வழியில் உயிரைக் காப்பாற்ற...

வண்டி மோதினால்: வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். கிழிந்த துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் கட்டவே கூடாது. காலைப் பிடித்துத் தூக்காமல், பலகையிலோ இறுக்கமாகப் பிடித்த போர்வையிலோ படுக்க வைத்துத் தூக்குங்க. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்க. அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க.

விஷம் தின்றால்: பாக்கெட்டையோ டப்பாவையோ கையோடு எடுத்துட்டுப் போங்க. பூச்சிமருந்துக்கு ஒரு மாற்று மருந்து, எலி மருந்துக்கு வேறொன்று. எலி மருந்தில் ஒரு வகை ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற நாய் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருக்கும், அப்புறம்தான் உள்ளே ரத்தம் கசியும். "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. அன்றே காட்டினால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

பாம்பு கடித்தால்: கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்க. பாம்பைத் தேடி அலைய வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தே நாய்க்கும். அதனால் போன் பண்ணும்போதே "விஷமுறிவு மருந்து ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்க.

வெயில் தாக்கினால்: தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் கோடைதோறும் திருத்தணி பெயர் வரும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. நிழலுக்குக் கொண்டு போய், சாதாரண தண்ணீரை உடம்பில் ஊற்றி, ஃபேன் போடுங்க. 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்க. எழுந்து நடந்தாலும் காட்டியே ஆகணும், உள் உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

வலிப்பு வந்தால்: வாயில் எதையும் திணிக்காதீங்க. சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். முட்டிக்கொள்ளும் பொருட்களைத் தள்ளி வையுங்க. எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

• பாராசிட்டமால் கொடுக்காதீங்க. பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கும் ஆபத்து.
• உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்பே விஷமாகலாம். ஆசிட், மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தி இன்னும் கெடுதல்.
• மயக்கத்தில் இருக்கும்போது பால், தண்ணீர் புகட்டாதீங்க. நுரையீரலுக்குள் போய்விடும்.
• முன்பு ஒருமுறை எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கிப் போடாதீங்க.

உங்கள் உயிரும் முக்கியம்

நாய் வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறி இருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு என்று நினைத்து கையை விடுபவர்கள் உண்டு. வெறிநோய்க்கும் இதே அறிகுறிதான். கையை விடாதீங்க, தனியாக அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்க.

கடியோ கீறலோ பட்டால், எச்சில் காயத்தில் பட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்க. பிறகு அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி அங்கே இலவசம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் பூச வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டிய 5

1. பக்கத்து கால்நடை மருத்துவர், வேப்பேரி, திருப்பதி எண்களை விசாரித்து போனில் சேமியுங்க. ஒருமுறை பகலில் பேசிப் பாருங்க.
2. ராத்திரி கூப்பிட்டால் வரக்கூடிய, நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ அல்லது கார் ஓட்டுநர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்க. பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.
3. ஒரு பையில் தெர்மாமீட்டர், பஞ்சு, பேண்டேஜ், பழைய போர்வை, கயிறு. பூனைக்கு மூடியுள்ள கூடை.
4. தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்து வையுங்க. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடரணும். வெறிநோய் ஊசி தவறக் கூடாது.
5. அவசரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் தனியாக வையுங்க. அரசு, கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு என்றாலும், வண்டி வாடகையும் வெளியில் வாங்கும் மருந்தும் சேர்ந்துவிடும்.

ஊரில் ராத்திரி நேர கால்நடை ஆஸ்பத்திரி வரும் வரை, நமக்கும் அந்த 100 கிலோமீட்டருக்கும் நடுவில் இருப்பது இந்த ஏற்பாடுகள்தான். வாயில்லா ஜீவன் தானாக போன் பண்ணாது. நம்பரை இப்போதே சேமித்து வையுங்க.