முழுசாக விலைபோகாத வீடுகள்

"செட்டிநாட்டுப் பழைய வீடு விற்பனைக்கு" என்று வரும் விளம்பரங்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை, அவ்வளவு காசுக்கு எங்கே போவது! அந்த விளம்பரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மனையோடு சேர்த்து முழு வீடு. இன்னொன்று, பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, உத்தரம் என்று தனித்தனிச் சாமான். என் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். ஒரு வீட்டைவிட அதன் கதவு சுலபமாக விற்கிறது. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த வீடு எப்படி அமைந்தது என்று பார்ப்போம். முகப்பு, திண்ணை, அதைத் தாண்டினால் வளவு, பிறகு இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படிக் கட்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி வந்தது. சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தரைக்கு ஆத்தங்குடிக் கல். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். நாம் கவனிக்க வேண்டியது வளவைச் சுற்றியிருக்கும் அறைகளை.

கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் அறை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவனை "வேறு வைத்து" விடுவார்கள். அதாவது தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயில் வரிக்கும் அவன் தனிப் புள்ளி. ஆனால் வளவு, முகப்பு, வாசல் எல்லாம் எல்லோருக்கும் பொது. சமையல் பிரியும், வரவு செலவு பிரியும், வீடு மட்டும் பிரியாது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் போட்ட திட்டமே அதுதான்.

இந்தத் திட்டம் நடக்க வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. 1930-ல் நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் அவர்களிடம் இருந்தது. காகிதத்தில் பெரிய சொத்து. ஆனால் எடுத்துக்கொண்டு ஓட முடியாத சொத்து.

1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அடுத்த மாதம் சென்னையே பாதி காலியானது. எங்கள் சோழவரத்தில் ஏரிப் பக்கம் இருக்கும் விமான ஓடுதளமும் அந்தப் போர்க் காலத்து வேலைதான். பின்னால் அதில் கார் பந்தயம் நடந்ததால் ஊர் பெயர் வெளியே தெரிந்தது. அதே போர் இங்கே ஓர் ஓடுதளத்தைக் கொடுத்தது. காரைக்குடிப் பக்கம் வருமானத்தை நிறுத்தியது. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்று நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963-ல் வங்கிகளும் அரசு வசம் போயின. வளவு வீடுகள் அப்படியே நின்றன, அவற்றைப் பராமரிக்கும் காசு நின்றுபோனது.

இனி கையெழுத்துக் கணக்கு. கட்டியவருக்கு மூன்று மகன்கள், அவர்களுக்கு மும்மூன்று என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் தலைமுறையில் 9 பங்காளிகள். இது ஆண்கள் கணக்கு மட்டும். 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ல் மத்திய அரசின் திருத்தமும் மகள்களுக்கும் பிறப்புரிமையாகப் பங்கு கொடுத்தன. ரொம்ப நியாயமான திருத்தம். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கூடினார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அதற்கு 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். குடும்ப வீட்டின் ஒரு பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைக் குடும்பத்தாரே விலை கொடுத்து மீட்கவும் அதில் வழி உண்டு. குடும்பத்துக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் வெளியாள் எவன் துணிந்து பங்கு வாங்குவான்?

இதற்கு நடுவே மழைக்கு ஓடு சரிகிறது, உத்தரத்தில் கரையான் ஏறுகிறது. அப்போதுதான் வீட்டைப் பிரித்து எடுக்கிறவர் வந்து மரத்துக்கு விலை சொல்கிறார். கிராமத்து மனைக்கு விலை குறைவு, பர்மா தேக்குக்கு அதிகம். தூணை எண்ணிப் பங்கு போடலாம், வளவை எண்ணிப் பங்கு போட முடியாது. பிரிக்கவே முடியாதபடி கட்டிய வீட்டுக்கு, கடைசியில் பிரித்து எடுப்பதுதான் சுலபமான பாகப்பிரிவினை என்று ஆகிவிடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் கதவுகளுக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து கழற்றிய பொருள் நூறு வருஷத்துக்குக் குறையாதது என்றால் அது தொல்பொருள் ஆகலாம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் அதே தூண் வீட்டோடு நிற்கும்போது, உரிமையாளர் அதைக் கழற்றாமல் தடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

தப்பித்த வீடுகளும் உண்டு. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்றவை தங்கும் விடுதிகளாகப் பிழைத்தன. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா, பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து மறுபடி கட்டியது. சென்னை சேப்பாக்கம் அரண்மனையையே பாருங்கள். 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்த பிறகு ஏலத்துக்கு வந்து, அரசே வாங்கியது. 2012-ல் தீப்பிடித்தும் புதுப்பித்தார்கள், இன்றும் நிற்கிறது. மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். முழுசாக எடுத்துப் பொறுப்பேற்க ஒரே கை இருந்தது, கட்டடத்துக்கு ஒரு வேலையும் இருந்தது. எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாதுதான்.

பிரிப்பது தவிர்க்க முடியாதென்றால், பிரிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அளவெடுத்து வரைபடம் போடலாம். ஒவ்வொரு கட்டையும் படம் எடுக்கலாம், யார் எப்போது கட்டியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். எங்கள் பக்கம் புது வீட்டுக்குச் செட்டிநாட்டுத் தூண் தேடும் நண்பர்களிடமும் நான் சொல்வது இதைத்தான்: வாங்குங்கள், ஆனால் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டுப் பில்லின் பின்புறம் குறித்து வையுங்கள். கடைக்காரருக்கு இன்றைக்கு ஞாபகம் இருக்கும், பத்து வருஷம் கழித்து இருக்காது.