அய்யாவழி: கிளைநெறியா, தனிச் சமயமா

அய்யாவழி, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் திருவிதாங்கூரில் தோன்றிய சமயம். நிறுவியவர் அய்யா வைகுண்டர் (1809–1851). இதன் முதன்மை வழிபாட்டிடமான தலைமைப்பதி கன்னியாகுமரி மாவட்டத்துச் சுவாமிதோப்பு. திருவனந்தபுரத்தில் இதன் வரலாற்றோடு ஒட்டிய இடம் சிங்காரத்தோப்பு. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தெற்கே, மணக்காட்டுப் பக்கத்தில் உள்ளது. வைகுண்டர் சிறையிருந்த இடம் இதுவே.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். மேல்சாதியார் அந்தப் பெயரைப் பொறுக்காததால் முத்துக்குட்டி ஆயிற்று. அவர் பிறந்த சாணார் குலத்தார் அன்று தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது; பெண்கள் மார்பை மூடக்கூடாது. தலைவரி தனி, ஊழியம் தனி. கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-இல் (1833) திருச்செந்தூர்க் கடலுக்குள் போனவர், நாராயணரின் மகனான வைகுண்டராகக் கரையேறினார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அதன்பின் சுவாமிதோப்பில் தவம் இருந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். அந்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. திருவிதாங்கூரில் கோயில்களின் சாதித் தடையை நீக்கிய ஆலய நுழைவுப் பிரகடனம் வந்ததோ 1936-இல்.

கூட்டம் பெருகியதும் சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்தது. 1838-இல் திருவனந்தபுரத்துக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டவர், 1839 மாசியில்தான் விடுதலையானார். நஞ்சு கலந்த பால், சுண்ணாம்புக் காளவாய், மிளகாய் வற்றல் புகை, பசித்த புலி என்று அங்கு நடந்த கொடுமைகளை அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை அடுக்கிச் சொல்கிறது. இவற்றைவிட ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. தன் சாதிக்குள் மட்டும் அடங்கி இருப்பதாக எழுதிக்கொடுத்தால் விடுவதாக அரசு சொன்னது. அவர் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டார் என்பது மரபு. அய்யாவழியை மக்கள் அனைவருக்குமான வழி என்று சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. திரும்பியபின் எழுநூறு குடும்பங்களை வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசில் ஈடுபடுத்தினார்: கடல் நீராடல், துவைத்த துணி, புலால் இல்லாத உணவு. பிற்காலத்துப் பதிகளின் ஒழுக்கம் அங்கே உருவானது.

அகிலத்தை ஏட்டில் எழுதியவர் சீடர் அரிகோபாலன். 15,000 அடிகளுக்கு மேல் ஓடும் இந்நூல் 1939-இல் அச்சேறியது. எட்டு யுகங்கள், ஆறு துண்டமாக வெட்டப்பட்ட அரக்கன் குறோணி, கலியின் அழிவு, தர்மயுகம் என இதன் உலக வரலாறு வேறெங்கும் இல்லாதது. திருவிதாங்கூர் மன்னர் இதில் கலிநீசர், ஆங்கிலேயர் வெண்நீசர். பதிகளில் உருவச்சிலை கிடையாது. கருவறையில் கண்ணாடி இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டி நுழைகிறார்கள். அன்று மறுக்கப்பட்ட துணி இன்று வழிபாட்டு விதி.

வைகுண்டரைப் பற்றிய தொடக்ககால வெளியார் குறிப்புகள் பெரும்பாலும் கிறித்தவம் பரப்ப வந்த லண்டன் மிஷன் சங்கத்தாருடையவை. அவர்கள் பணிக்கு அவர் குறுக்கே நின்றார். குறிப்புகளில் அந்த எரிச்சல் தெரிகிறது. இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒருவர் இப்படிப் பழிக்கப்பட்டார். ஜோசப் ஸ்மித் 1830-இல் மார்மன் நூலை வெளியிட்டுத் தனிச் சபை கண்டார். 1844-இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டார். அவர் கூட்டத்தார் யூட்டா பாலைக்குக் குடிபெயர்ந்தனர்.  கிறித்தவர் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டாலும் அவர்களுடைய திருமுழுக்குச் செல்லாது என 2001-இல் வத்திக்கான் தீர்த்தது. ‘கல்ட்’ என்ற பழி அவர்களை இன்றும் விடவில்லை.

உயிருள்ள தலைவருக்கு அடிமைப்படுதல், பொருள் பறித்தல், உறவை அறுத்தல், விலகுவோரைத் தண்டித்தல் ஆகியவை அந்தப் பழிக்குச் சொல்லப்படும் அடையாளங்கள். அய்யாவழியில் இவை இல்லை. நிறுவியவர் 1851-இல் வைகுண்டம் எய்தினார். காணிக்கை வேண்டாம் என்றே கற்பித்தார். சிற்றூர் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களை அந்தந்த ஊர் அன்பர்களே நடத்துகிறார்கள். நாராயணர் பெயரைச் சொல்வதால் இதை வைணவக் கிளை என்போர் உண்டு. தனி நூலும், தனி யுகக்கணக்கும், தனி வழிபாட்டு முறையும் கொண்ட ஒன்றைக் கிளை என்பது பொருந்தாது. இத்தகைய கேள்விகளில் நீதிமன்றங்களின் போக்கு வேறு. சுவாமிநாராயண சத்சங்கிகள் இந்துக்களே என 1966-இலும், ஆனந்த மார்க்கம் இந்து சமயத்துள் ஒரு பிரிவு என 1983-இலும் உச்சநீதிமன்றம் கூறியது.

தற்போது கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் தென்கேரளத்திலும் அன்பர்கள் மிகுதி. வைகுண்டர் கரையேறிய அவதார நாளையொட்டித் திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் ஊர்வலங்கள் நாகர்கோவிலுக்கு வருகின்றன. 2024 மார்ச்சில் தமிழக ஆளுநர் வைகுண்டரைச் சனாதனத்தைக் காக்க வந்தவராகப் பேசினார். சுவாமிதோப்புத் தலைமைப்பதியின் பாலபிரஜாபதி அடிகளார் அதை மறுத்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் இந்துக்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறார்கள்.