ஹேஸ்டிங்ஸ் வீதியில் ஓர் அறை

1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் பதினோராவது உலக எய்ட்ஸ் மாநாடு கூடிற்று. அதற்கு முந்தைய மாநாடுகள் பெரும்பாலும் இறந்தோரை எண்ணிக் கலைந்த கூட்டங்களே. இம்மாநாட்டிலோ, மூன்று மருந்துகளைச் சேர்த்து அளித்தால் எச்.ஐ.வி. கிருமியை இரத்தத்தில் காண இயலாத அளவுக்கு அடக்கிவிடலாம் என்று மருத்துவ அறிஞர்கள் சான்றுகளோடு அறிவித்தனர். சாவதற்கு ஆயத்தமாயிருந்தோர் வாழ்வதற்கு ஆயத்தமாக வேண்டிய புதுநிலை பிறந்தது.

அந்த மாநாட்டு மண்டபத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஹேஸ்டிங்ஸ் வீதி உள்ளது. அவ்வீதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் கிழக்கு நகர்ப்பகுதி என்பர். மருந்து கிடைத்துவிட்ட செய்தி உலகெங்கும் பறந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அவ்வீதியில் நோய் காட்டுத் தீயெனப் பரவிக்கொண்டிருந்தது. இந்த முரண்பாட்டைத்தான் நாம் இங்கே எண்ணிப்பார்க்க விழைகிறோம்.

முன்னொரு காலத்தில் அது மரம்வெட்டிகளும் சுரங்கத் தொழிலாளரும் வேலையற்ற பருவத்தில் தங்கிய பகுதி. ஒற்றை அறைகளாகத் தடுக்கப்பட்ட மலிவு விடுதிகள் அங்கு மிகுதி. மனநோய் மருத்துவமனைகள் தம் நோயாளிகளைப் படிப்படியாக வெளியே அனுப்பியபோது அவர்களில் பலருக்கு இவ்வறைகளே புகலிடமாயின. பின்னர் 1986இல் அந்நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் வேண்டி விடுதி உரிமையாளர்கள் பழைய குடியிருப்பாளர் நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றினர். அவர்களுள் ஒருவர், பல்லாண்டுகள் ஒரே விடுதியில் வாழ்ந்த ஓலாஃப் சோல்ஹைம் என்னும் முதியவர். மரம்வெட்டும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். வெளியேற்றப்பட்ட சில வாரங்களிலேயே அவர் இறந்தார். மருத்துவச் சான்றிதழில் காரணம் எதுவாக எழுதப்பட்டிருப்பினும், அறையை இழந்ததால் இறந்தார் என்றே அவ்வட்டார மக்கள் நம்பினர். நாமும் அதை மறுக்கத் துணியமாட்டோம்.

அப்பகுதிக்கு உதவியே இல்லாதிருந்தது என்று எண்ணிவிடலாகாது. பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி பெறும் திட்டம் 1980களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. ஊசி வழியாகப் போதைப் பொருள் ஏற்றுவோரைப் பற்றி 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில் கலந்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அத்திட்டத்தைப் பயன்படுத்தியவர்களே. ஆயினும் நோயற்றிருந்தோரில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகிவந்தனர். ஏன்? ஹெராயினோடு கோக்கேன் பெருகியதால் ஒருவர் நாளொன்றுக்கு இருபது முறை வரைகூட ஊசி ஏற்றும் நிலை வந்தது. கிடைத்த ஊசிகள் போதவில்லை. நிலையான உறைவிடமின்மை தொற்றோடு நெருங்கிய தொடர்புடையது என்பதையும் அவ்வாய்வு கண்டது.

மருந்தின் கதையும் அவ்வாறே. அம்மாநிலத்தில் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், ஊசிப் பழக்கமுள்ள நோயாளிகளில் சிகிச்சைக்குத் தகுதி பெற்றோரில் நூற்றுக்கு நாற்பது பேரே அதைப் பெற்றிருந்தனர் என்று 1998இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. குடிப்பழக்கத்தையும் போதையையும் விடாதவர் மாத்திரையை ஒழுங்காக உண்ணமாட்டார் என்ற ஐயம் மருத்துவர்களிடம் இருந்தது. அக்கால மருந்துகளுள் ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். வேறொன்றை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். நடைபாதையில் உறங்குபவருக்குக் குளிர்ப்பெட்டி எங்கே? உறங்கி எழுமுன் தலைமாட்டுப் பை களவு போய்விடுகிறவர் எந்த மணிக்கணக்கை வைத்து மாத்திரை உண்பார்? இலவச மருந்து அவர் வாயிற்படி வரை வந்தது. அவருக்குத்தான் வாயிற்படி இல்லை.

இதை ஏட்டிலிருந்தன்றி அனுபவத்திலிருந்து அறிந்தவர்கள் சிலர் அங்கு முன்னரே பணியைத் தொடங்கியிருந்தனர். 1991இல் போர்ட்லாந்து விடுதி என்னும் பழைய கட்டடத்தில், வேறெந்த விடுதியும் ஏற்காதவர்களுக்கென அறைகள் திறக்கப்பட்டன. லிஸ் எவன்ஸ் என்னும் இளம் செவிலியர் அதன் பொறுப்பை ஏற்றார். அங்கே விதி மிக எளியது: போதையை விட்டுவிட்டு வா என்று யாரிடமும் கேட்பதில்லை, வந்தபின் தவறினான் என்று யாரையும் வெளியே தள்ளுவதுமில்லை. கூச்சலிடுவோர், சுவரை உடைப்போர், பல இடங்களிலிருந்தும் துரத்தப்பட்டோர் எல்லாரும் அங்கே தங்கினர். 2000ஆம் ஆண்டில் அவ்விடுதிக்கென எழுந்த புதிய கட்டடத்தைக் கனடாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆர்தர் எரிக்சன் வடிவமைத்தார். ஏழைக்கு எஞ்சியதையே கொடுக்கும் வழக்கத்துக்கு அது நேர் எதிர் என்பதனால் இதைக் குறிப்பிடுகிறோம்.

1997 ஜூலையில், அளவு மீறிய போதையால் மாண்டோரின் நினைவாக ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள். தாமும் ஒரு காலத்தில் ஹெராயினுக்கு அடிமையாயிருந்த கவிஞர் பட் ஆஸ்போர்ன் அவ்வியக்கத்தில் முன்நின்றவர். நகரின் நலவாழ்வு வாரியத்திலும் அவர் இடம் பெற்றார். அவ்வாண்டின் செப்டம்பரில் அவ்வாரியம் பொதுநல நெருக்கடி நிலையை அறிவித்தது. போதைப் பழக்கமுடையோர் தாமே கூடித் தமக்கொரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். பிறர் தம்மைப் பற்றிப் பேசக் கேட்டிருந்தவர்கள் தாமே பேசத் தொடங்கினார்கள்.

இனி நம் திருச்சபையோடு தொடர்புடைய பகுதிக்கு வருவோம். இறைப்பராமரிப்பின் அருள்சகோதரிகள் 1894இல் 25 படுக்கைகளோடு தொடங்கிய புனித பவுல் மருத்துவமனை, எய்ட்ஸ் பற்றிய அச்சம் உச்சத்திலிருந்த 1980களில் அந்நோயாளிகளை ஏற்றது. கண்ணிழந்த நிலையிலும் தம் நோயைப் பற்றித் தொலைக்காட்சியில் வாரந்தோறும் பேசி 1992இல் இறந்த மருத்துவர் பீட்டர் ஜெப்சன்-யங் பெயரால் அமைந்த இல்லமும் 1997இல் அம்மருத்துவமனை வளாகத்திலேயே தொடங்கிற்று. அதை நடத்தியது தனியொரு அறக்கட்டளை. வந்தவருக்கு உணவு, குளியல், மாத்திரையைக் கையில் தந்து உண்ணச் செய்யும் செவிலியர் என அன்றாடத் தேவைகளே அங்கு மருத்துவமாயின. அங்கு வருவோர் தனிமையில் ஊசி ஏற்றி உயிரிழக்கக் கூடும் என்று அஞ்சிய செவிலியர்கள், 2002இல் அருகிருந்து கண்காணிக்கத் தொடங்கினர். அது செவிலியர் கடமைக்கு உட்பட்டதே என்று அவர்களது தொழில் அமைப்பும் உரைத்தது.

நம் வாசகர் பலருக்கு இங்கே மனம் தயங்கும், எமக்கும் தயங்கிற்று. தீமைக்குத் துணைபோவதாகாதா என்ற வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அச்செவிலியர் முன் இருந்த தெரிவு, ஊசி ஏற்றுவதா ஏற்றாதிருப்பதா என்பதன்று. அந்த மனிதர் கதவடைத்துக்கொண்டு தனியே இறப்பதா, ஒருவர் அருகிருக்க உயிர்வாழ்வதா என்பதே. அந்த நிலையில் நாம் இருந்திருந்தால் வெளியே நடந்திருப்போமா என்று கேட்டுப்பார்க்கிறோம். செல்வந்தன் வாயிலில் கிடந்த இலாசரின் உவமையில் இலாசரின் ஒழுக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

2003 செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் வீதியில், சட்ட ஒப்புதலோடு ஊசி ஏற்றுவோரைக் கண்காணிக்கும் நிலையம் வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் திறக்கப்பட்டது. அதை மூட நடுவண் அரசு முயன்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்நிலையத்தைக் காத்தனர். நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிய போதையால் நேர்ந்த இறப்புகள் 35 விழுக்காடு குறைந்தன என்று அவ்வாண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எச்.ஐ.வி. தொற்றும் அப்பகுதியில் பழைய அளவின் சிறு பங்காகச் சுருங்கிற்று. குறையும் கூறவேண்டும்: போர்ட்லாந்து விடுதியை நடத்திய சங்கத்தின் செலவுகளைத் தணிக்கை கேள்விக்குள்ளாக்கியதால் அதன் தலைவர்கள் 2014இல் பதவி விலகினர். நற்பணி செய்வோருக்குக் கணக்கு வேண்டாம் என்று எவரும் சொல்ல இயலாது.

பின்னர் பென்டனில் என்னும் செயற்கை நச்சு, விற்கப்படும் போதைப் பொருள்களில் கலந்தது. 2016 ஏப்ரலில் மாநிலம் மீண்டும் நெருக்கடி நிலையை அறிவித்தது. 2023இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் அங்கு மாண்டனர். எச்.ஐ.வி.யை வென்று பிழைத்தவர் பலரையும் அது வாரிக்கொண்டது. இறப்போரில் பெரும்பாலோர் வீதியில் இறப்பதில்லை. மூடிய அறைக்குள் தனியே இறக்கின்றனர். அன்று வேண்டி நின்ற கதவே இன்று அவர்களை மறைக்கிறது. ஆதலால் அவ்விடுதிகளின் பணியாளர்கள் இரவும் பகலும் தாழ்வாரத்தில் நடந்து, கதவு கதவாகத் தட்டி, உள்ளிருந்து ஒரு குரல் வரும் வரை நிற்கிறார்கள்.