புரோபெலின் கொடைகளும் பிரசியாவின் தடையும்

1851ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரசிய அரசாங்கம் தன் ஆட்சிக்குட்பட்ட பாலர் பூங்காக்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. அவை சமவுடைமைக் கொள்கையைத் தழுவிக் குழந்தைகளை நாத்திகத்துக்கு இட்டுச் செல்கின்றன என்பதே குற்றச்சாட்டு. ஆங்குக் குழந்தைகளின் கைகளில் இருந்தவையோ கம்பளி நூற் பந்துகளும் மரக்கட்டைகளுமே!

இவற்றை வகுத்தவர் பிரடெரிக் புரோபெல். 1782இல் துரிங்கிய மலைநாட்டிற் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், ஓராண்டு நிறையுமுன்னரே தாயை இழந்தார். பின்னர் பேர்லின் நகரிலே கனிப்பொருள்களுக்கான அரும்பொருட்சாலையிற் பளிங்குகளை ஆராயும் பணியில் அமர்ந்தார். அவற்றிற் கண்ட வடிவ ஒழுங்கையே இவர் பிற்காலத்திற் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களிலும் அமைத்தார் எனலாம். 1840இல் தம் பாடசாலைக்குக் ‘கிண்டர்கார்டன்’ எனப் பெயரிட்டார். விளையாட்டுப் பொருள்களைக் ‘கொடைகள்’ என்றார்.

முதற் கொடை பந்து. நூலிற் கட்டிய பந்து ஊசலாடும்; கைக்குள் மறையும்; மீண்டும் தோன்றும். பேசத் தொடங்காத குழந்தைக்கும் உண்டு, இல்லை, மேல், கீழ் என்பன அதனாற் புலனாகும். இரண்டாவதிற் கோளம் உருளும். சதுரமுகி அசையாது நிற்கும். உருளையோ இரண்டுஞ் செய்யும். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு சதுரமுகி. குழந்தை பொருளை உடைப்பது தீக்குணமன்று, உள்ளிருப்பதை அறியும் ஆவலே என்பது புரோபெலின் துணிபு. ஆதலின் பிரித்தாலும் மீளச் சேரும் பொருளைக் கொடுத்தார். அரையும் காலும் அரைக்காலும் எண்ணறியாப் பருவத்திலேயே விரல்களுக்குப் பழகின.

தடைக்குப் பெயர் மயக்கமும் ஒரு காரணம். உடன்பிறந்தார் மகனாகிய காள் புரோபெலின் கருத்துக்கள் இவர்மேல் ஏற்றப்பட்டன. ஆயினும் அதனை மாத்திரம் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. உண்மை விளக்கப்பட்ட பின்னரும் ஆணை நீக்கப்படவில்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளருக்கு, தானே ஆக்கித் தானே அறியும் குழந்தை உவப்பாயிருக்கவில்லை போலும். 1852இற் புரோபெல் காலமானார். தடை 1860இலேயே நீங்கியது.

அதற்கிடையிற் கொடைகள் கடல் கடந்துவிட்டன. 1856இல் மாகரெற் சூர்ஸ் என்னும் பெண்மணி அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் பாலர் பூங்காவொன்றைத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் பிராங் லொயிட் றைற் இளமையில் இக்கட்டைகளுடன் விளையாடியவர். தம் கலைக்கு அவை துணையானதைப் பிற்காலத்தில் எழுதியுமுள்ளார்.

பரவியவிடத்தெல்லாம் நன்மையே விளைந்ததெனக் கூறவியலாது. ஆசிரியர் ஏவியபடி, குறித்த வரிசையிற் கட்டைகளை அடுக்குதலே பல வகுப்புக்களிற் பாடமாயிற்று. பிரசிய அமைச்சரால் இயலாததைப் புரோபெலின் அன்பர்களே செய்தனர்! இவ்விறுக்கத்தைத் தளர்த்த முயன்றோருள் அமெரிக்க ஆசிரியை பற்றி சிமித் கில் குறிப்பிடத்தக்கவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆக்கிய பெருங்கட்டைகளைக் கொண்டு, குழந்தைகள் பலர் கூடித் தாம் நுழைந்து விளையாடத்தக்க வீடுகளையே கட்டினர்.