வினிகரில் குளித்த டைனோசர்

மியூசியத்தில் நிற்கும் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்தால், மண்ணிலிருந்து அப்படியே எடுத்து வந்து நிறுத்தியதுபோலத் தோன்றும். உண்மையில் தோண்டி எடுப்பது பாதி வேலைதான். மீதி வேலை ஆய்வகத்தில்! லண்டனில் ஒரு டைனோசருக்கு அந்த மீதி வேலை தொடங்கவே நூறு ஆண்டுகள் ஆனது.

1858-ம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் சார்மவுத் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவருக்குக் கடலோரப் பாறைகளில் எலும்புகள் கிடைத்தன. அவை லண்டனில் ரிச்சர்ட் ஓவனிடம் போய்ச் சேர்ந்தன. 'டைனோசர்' என்ற பெயரையே 1842-ல் உருவாக்கியவர் இவர்தான். புதிய விலங்குக்கு ஸ்கெலிடோசாரஸ் என்று பெயர் வைத்தார். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தாவர உண்ணி இது. நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். உடம்பெல்லாம் எலும்புக் கவசம்.

அதுவரை டைனோசர் என்றால் பெரும்பாலும் ஒரு தாடை, சில பற்கள், உடைந்த எலும்புத் துண்டுகள்தான். இப்போது கிடைத்ததோ ஏறக்குறைய முழு எலும்புக்கூடு! ஆனால் அது கெட்டியான சுண்ணாம்புக்கல்லுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உளியால் ஓங்கித் தட்டினால் கல்லோடு எலும்பும் உடைந்துவிடும். எனவே கண்ணுக்குத் தெரிந்த பகுதிகளை வைத்தே 1861-லும் 1863-லும் ஓவன் எழுதினார். 1892-ல் அவர் இறந்தபோதும் எலும்புக்கூடு கல்லோடுதான் இருந்தது.

வழி பிறந்தது 1940-களில். அதே மியூசியத்தைச் சேர்ந்த ஹாரி டூம்ப்ஸ், புதைபடிவங்களைச் சுத்தம் செய்ய அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். நம் வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைந்துவிடும். எலும்பில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அது அவ்வளவு சீக்கிரம் கரையாது.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? வேலை அப்படியல்ல. நீர்த்த அமிலத்தில் கல்லை ஊறவைக்க வேண்டும். கொஞ்சம் எலும்பு வெளியே தெரிந்ததும் எடுத்து, அமிலமும் உப்பும் முழுவதும் போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். உப்பு தங்கிவிட்டால் அது பின்னால் படிகமாகி எலும்பையே வெடிக்கச் செய்யும். பிறகு காயவைத்து, வெளியே வந்த எலும்புக்குப் பிளாஸ்டிக் கரைசல் பூசி, மறுபடியும் அமிலத்தில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர்தான் முன்னேற்றம். அவசரப்பட்டால் கோடி ஆண்டுகள் தாங்கிய எலும்பு ஒரே இரவில் கெட்டுவிடும்.

1960-களில் ஆலன் சாரிக் என்ற ஆய்வாளரின் முயற்சியால் ஸ்கெலிடோசாரஸுக்கு இந்தக் 'குளியல்' தொடங்கியது. எலும்புகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. ஆனால் முழு ஆய்வை வெளியிடுவதற்கு முன்பே, 1997-ல் சாரிக் காலமானார். கடைசியில் கேம்பிரிட்ஜின் டேவிட் நார்மன் 2020-ல் விரிவான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். தலையின் பின்பக்கத்தில் கொம்பு போன்ற எலும்புகள், வேறெந்த டைனோசரிலும் அடையாளம் காணப்படாத சில மண்டையோட்டு எலும்புகள் என்று எத்தனையோ புதிய விவரங்கள் அவற்றில் இருந்தன.

கண்டெடுத்ததிலிருந்து 162 ஆண்டுகள்! பெயர் வைத்தவர் ஓவன், எழுதி முடித்தவர் நார்மன். வரலாறு இவர்களை நினைவில் வைத்திருக்கும். ஆனால் நடுவில் அமிலத் தொட்டி அருகே நின்று, ஊறவைத்து, அலசி, காயவைத்து, மறுபடி ஊறவைத்த ஆய்வகப் பணியாளர்கள் இல்லையென்றால், நார்மனுக்கும் ஓவனுக்குத் தெரிந்த அளவுதான் தெரிந்திருக்கும். அடுத்த முறை மியூசியத்துக்குப் போனால், எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.