உடலில் மறைந்த முள்

கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளின் காலில் மூங்கிற் சிலாம்பு ஏறுவது புதிதன்று. மேற்புண் ஆறியதும் மறந்துவிடுகிறோம். உள்ளே தங்கிய துண்டோ சீழ் கட்டிச் சிற்சில வேளை எலும்பையும் அரித்துவிடும்.

பண்டையோர் இதனை நன்கறிவர். உடலில் தைத்த அம்பு, முள் முதலியவற்றை வடநூலார் 'சல்லியம்' என்றனர்; அறுவை மருத்துவமே 'சல்லிய தந்திரம்' எனப் பெயர் பெற்றது. மறைந்த சல்லியத்தைக் காணும் வழியைச் சுசுருதர் நூல் கூறுகிறது. தோலில் மறைந்ததாயின், பூசிய உறைநெய் அவ்விடத்தில் உருகும். எலும்பில் தைத்ததாயின், அழுத்துமிடத்தில் நோவு தோன்றும். எலும்பில் ஆழப் பதிந்ததைக் காலால் உடலை அழுத்திக்கொண்டு கருவியால் இழுக்க வேண்டும் என்கிறது அந்நூல். நம் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திலும் பரணர், ஊசியால் தைத்த போர்ப்புண்ணின் வடுவைப் பாடுகிறார்.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டபின் தோட்டாவும் ஊசியும் எளிதில் புலப்பட்டன. ஆயின் மூங்கிலும் மரமும் அப்படத்தில் பெரும்பாலும் தோன்றா. அவற்றைக் காண இன்று ஒலியலைப் படம் உதவுகிறது.

ஆதலின், ஆசிரியர்களே, "இன்னும் குத்துகிறது ஐயா" என்னும் பிள்ளையின் சொல்லைத் தள்ளலாகாது. யானும் ஒருமுறை தள்ளிப் பின் வருந்தியவன். படத்தில் ஒன்றும் காணப்படாவிடினும் அச்சொல்லை மருத்துவரிடம் எடுத்துரைப்போம். நோவுள்ள இடத்தை நோயாளியிடமே கேட்டறிந்த பழைய முறை இன்றும் பயன்படுகிறது.