தேறிய உடலும் ஏறிய எடையும்

"உடம்பு தேறிவிட்டது" என்கிறோம். நோய் நீங்குவதையும் சதை பிடிப்பதையும் தமிழ் ஒரே வினையால் சுட்டுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்ந்து மருத்துவர்களை யோசிக்கவைத்த வரலாறு ஒன்று உண்டு.

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றிய சிறு நூலில் ஆறு நோயாளிகளை விவரித்தார். உணவை வாய்க்குக் கொண்டுசெல்வதும் மெல்லுவதும் விழுங்குவதும் அவர்களுக்கு அரிதாவதையும் அதில் பதிவுசெய்தார். எனினும் பெயரில் நிலைத்தது நடுக்கமே. நோயாளிகளின் மெலிவு நெடுங்காலம் பக்கக் குறிப்பாகவே கிடந்தது.

1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபித், பொலாக் ஆகியோரின் குழு, மூளையின் தாலமசுக்குள் மின்முனை செலுத்தி உயர் அதிர்வெண் மின்துடிப்புகளால் நடுக்கத்தை அடக்கியது. 1990இல் அமெரிக்காவில் டிலாங் குழு குரங்குகளில் நடத்திய ஆய்வு, தாலமசுக்குக் கீழுள்ள சிறு உட்கருவைச் சுட்டிக்காட்டியது. 1993இல் கிரெனோபிள் குழு அங்கேயே மின்முனையைப் பொருத்தியது. நடுக்கத்தோடு விறைப்பும் அசைவின் மந்தமும் குறைந்தன. லெவோடோபா மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது.

ஆனால், சிகிச்சைக்குப் பின் பலரின் எடை ஏறியது. 2007இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, 24 நோயாளிகளை ஆற்றல் செலவை அளக்கும் தனியறைகளில் வைத்து அறுவைக்கு முன்னும் மூன்று மாதங்களுக்குப் பின்னும் ஆராய்ந்தது. ஆண், பெண் இருபாலரும் எடை கூடியிருந்தனர். ஆண்களின் அன்றாட ஆற்றல் செலவு குறைந்திருந்தது. பெண்களிடம் அக்குறைவு தென்படவில்லை.

ஓயாத நடுக்கமும் விறைப்பும் ஆற்றலை எரிக்கின்றன. அவை அடங்கினால் மிச்சமாவது உடலில் தங்கும். இவ்விளக்கம் எளிது, ஆனால் போதாது. பசியை ஆளும் ஹைபோதலாமஸ் அந்த உட்கருவுக்கு அருகிலேயே உள்ளது. மருந்துக் குறைப்புக்கும் உணவு நாட்டத்தின் மாற்றத்துக்கும் பங்கிருக்கலாம். விவாதம் இன்னும் முடியவில்லை.

இவ்வரலாற்றை இங்கே எழுதக் காரணம் உண்டு. மெலிந்திருந்தவர் சற்றுப் பூசினாற்போல் ஆவது நலமே. அளவு மீறினால் நீரிழிவும் மூட்டுவலியும் தொடரக்கூடும். அப்போது "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்வது அநீதி. அங்கே நடப்பது ஒழுக்கத் தவறன்று. மூளையும் உடலும் புதிய கணக்கொன்றை எழுதிக்கொண்டிருக்கின்றன. ஆகவே உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பார்க்கின்சன் 1817இலேயே நோயாளியின் உணவுத் தட்டையும் கவனித்திருந்தார். நாம்தான் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.